பழைய தாய்ப்பலகையும் புதிய கிராபிக்ஸ் அட்டையும்: ஒரு சரித்திர நோக்கு

இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தகப்பனார் எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் உழைத்துக் கொண்டிருக்கிறது. பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் வயதை அடைந்ததும், படம் வரைவதற்கென்றோ, பொறியியல் பாடத்திற்கென்றோ, உண்மையைச் சொன்னால் விளையாட்டிற்கென்றோ, "ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் போதும், அப்பா" என்று விண்ணப்பம் செய்கிறான். தகப்பனாரும் பிள்ளையும் வெளிவட்டச் சாலை வழியே நேரு பிளேஸ் செல்கின்றனர். அங்கே ஒரு கடைக்காரர் பொருந்தும் என்கிறார். அடுத்த கடைக்காரர் பொருந்தாது என்கிறார். மூன்றாமவர் தாய்ப்பலகையையும் சேர்த்து மாற்றிவிடும்படி யோசனை கூறுகிறார். நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது: பொருந்துமா, பொருந்தாதா?

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. சொந்தக் கணினி என்னும் இயந்திரம் பிறந்த அன்றே உடன் பிறந்தது. அதன் சரித்திரத்தை அறிந்தவர்களுக்குக் கடைக்காரரின் பதிலை எடைபோடுவது எளிது என்பதாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். அச்சரித்திரத்தின் ஒரு பகுதி நமது தமிழ் எழுத்தின் சரித்திரமும் ஆகும் என்பதைப் பலர் அறியார்.

ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் சொந்தக் கணினியை 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்டது. அதன் தாய்ப்பலகைக்குத் திரையில் ஓர் எழுத்தைக் காட்டும் சக்தியும் கிடையாது. பலகையின்மீது ஐந்து நீண்ட பொருத்துவாய்கள், அதாவது ஸ்லாட்டுகள், இருந்தன. அவற்றுள் ஒன்றில் திரைக்கென ஓர் அட்டையைச் செருகினால்தான் இயந்திரம் கண் திறக்கும். இருவகை அட்டைகள் விற்கப்பட்டன. எம்.டி.ஏ. என்பது எழுத்தை மட்டும் மிகத் தெளிவாகக் காட்டும், சி.ஜி.ஏ. என்பது வர்ணமும் படமும் காட்டும், எழுத்தோ கண்ணை உறுத்தும். எந்த அட்டை செருகப்பட்டுள்ளது என்பதைப் பலகை தானாகத் தெரிந்துகொள்ளாது. பலகையின்மேல் சின்னஞ்சிறு சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் இரண்டை அட்டைக்குத் தக்கவாறு திருப்பி வைத்தல் வேண்டும்.

இதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. பலகையில் பயாஸ் என்னும் ஒரு சிறு நிரல் நிரந்தரமாகப் பதிந்திருக்கும்; இயந்திரம் விழித்தவுடன் முதலில் ஓடுவது அதுவே. 1984ஆம் ஆண்டு இ.ஜி.ஏ. என்னும் மேம்பட்ட அட்டை வந்தது. அதற்குத் தனக்கென ஒரு பயாஸ் உண்டு. பலகையின் பயாஸ் அதனைத் தேடிக் கண்டுபிடித்து ஓட்டவேண்டும். ஆனால் முதன்முதல் விற்ற ஐ.பி.எம். பலகைகளில் இருந்த பயாஸுக்கு அவ்வாறு தேடும் பழக்கமே இல்லை! 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸிலிருந்துதான் அவ்வழக்கம் வந்தது. ஆகவே பழைய பலகைக்காரர் இ.ஜி.ஏ. அட்டையை வாங்கிச் செருகினால் அட்டை ஸ்லாட்டில் அழகாக உட்காரும். திரை மட்டும் இருண்டே கிடக்கும். பயாஸ் சில்லைப் பெயர்த்தெடுத்துப் புதியதைப் பொருத்தினாலொழிய வேறு வழி இல்லை. பொருத்துவாயில் நுழைவது வேறு, பொருந்துவது வேறு என்னும் வேற்றுமை அன்றே தெளிவாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நம் பிள்ளைகளுக்கு நேரும் சங்கடமும் பெரும்பாலும் இதுவே. அதனைப் பின்னர்க் காண்போம்.

எம்.டி.ஏ., சி.ஜி.ஏ. இரண்டுமே ஆங்கிலம் எழுதுவோருக்காகச் செய்யப்பட்டவை. எழுத்துக்களின் வடிவம் அட்டையிலேயே செதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 256 வடிவங்கள், அவ்வளவுதான். திரை குறுக்கே 80, நெடுக்கே 25 எனக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கட்டத்திற்கு ஓர் எழுத்து. இந்தச் சிறைக்குள் அகப்படாத எழுத்தை உடைய மக்கள் என்ன செய்வர்? அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வான் சுவன்னுகுல் என்பவருக்குத் தமது ஆராய்ச்சி நூலைத் தாய்லாந்து மொழி எழுத்தில் எழுதவேண்டியிருந்தது. சி.ஜி.ஏ. அட்டையில் நுணுக்கம் போதாது; எம்.டி.ஏ. அட்டையிலோ எழுத்துக்களை மாற்றவே இயலாது. அவர் தாமே ஓர் அட்டையைச் செய்தார். 1982இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டை அதுதான். 720க்கு 348 புள்ளிகள் கொண்ட அது, கணக்கர்களும் பொறியாளர்களும் விரும்பி வாங்கிய பொருளாகி, உலகெங்கும் பரவிற்று. தாய்மொழியில் எழுதவேண்டும் என்ற ஒரு மாணவரின் பிடிவாதம் அன்றோ அதன் பிறப்பிற்குக் காரணம்!

நமது நாட்டில் இம்முயற்சி இன்னும் விரிவாக நடந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தது. 1984ஆம் ஆண்டுக் கணினிக் கொள்கைக்குப் பின், ஐ.பி.எம். இயந்திரத்தை ஒத்த கணினிகள் இங்கேயே பெருவாரியாகத் தொடுக்கப்பட்டன. அப்பொழுது அரசாங்க அலுவலகங்களில் எழுந்த கேள்வி, இந்த இயந்திரத்தில் ஹிந்தியும் தமிழும் வங்காளமும் எப்படி எழுதுவது என்பதாகும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். எம். கே. சின்ஹா அவர்களின் குழுவினர் இத்துறையில் பல ஆண்டுகளாக உழைத்து வந்தனர். அங்கே அவருடன் பணிபுரிந்த மோகன் தாம்பே என்னும் பொறியாளர் பின்னர்ப் புனேயில் 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் அதனை விருத்தி செய்தார். அவ்வழியில் வந்ததே ஜிஸ்ட் அட்டை.

ஜிஸ்ட் அட்டை செய்த காரியத்தைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். சாதாரணக் கணினியின் காலியான ஸ்லாட் ஒன்றில் அதனைச் செருகிவிட்டால் போதும். டிபேஸ், லோட்டஸ், வோர்ட்ஸ்டார் முதலிய அந்நாளைய டாஸ் நிரல்கள், ஆங்கிலத்தை மட்டும் அறிந்த நிரல்கள், தம்மில் ஓர் எழுத்தும் மாறாமலே தமிழிலும் ஹிந்தியிலும் வேலை செய்தன. நிரலுக்குத் தமிழ் தெரியாது; அட்டைக்குத்தான் தெரியும். கணினியின் 256 குறியெண்களில் முதற்பாதியை ஆங்கிலத்திற்கு அப்படியே விட்டுவிட்டு, மறுபாதியில் இந்திய எழுத்துக்களை அமைத்தார்கள். இவ்வமைப்பே இஸ்கி எனப்படும். 1991இல் இந்தியத் தர நிர்ணயமாகவும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். காதுக்கு அது ககர மெய்யும் ஒகர உயிரும். கண்ணுக்கோ முன்னே ஒற்றைக் கொம்பு, நடுவே ககரம், பின்னே கால் என மூன்று வடிவம். இஸ்கியில் கோப்பில் பதிவாவது ஒலிப்பு முறையில் இரண்டே குறியெண்கள். கொம்பை முன்னே தள்ளி, காலைப் பின்னே நிறுத்தித் திரையில் கோலம் போடும் பொறுப்பு முழுவதும் அட்டையினுடையது.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே குறியெண். ஆகவே ஹிந்தியில் தட்டிய பெயர்ப்பட்டியலை ஒரு விசையைத் தட்டித் தமிழ் எழுத்தில் காட்டலாம். தலைநகரில் வாழும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் ஹிந்தியில் ககரம் நான்கு, நமக்கு ஒன்று. தமிழிலிருந்து ஹிந்திக்கு மாற்றும்பொழுது 'காந்தி' என்னும் பெயர் எப்படி வந்து நிற்கும் என்பதை அன்பர்களே ஊகித்துக் கொள்ளலாம்!

இந்த இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே யூனிகோடு அமைப்பினர் 1991இல் இந்திய எழுத்துக்களுக்கு இடம் ஒதுக்கினர். இன்று நம் கைப்பேசியில் நாம் தட்டும் தமிழின் குறியெண் அட்டவணையில் நடுநடுவே காலியிடங்கள் இருப்பதற்கும், 'கொ' இன்றும் ஒலிப்பு முறையிலேயே பதிவாவதற்கும் காரணம் அந்த வம்சாவளியே.

எனினும் அட்டைக்குள் வாழ்ந்த தமிழுக்கு ஓர் அபாயம் இருந்தது. ஸ்லாட் மறைந்தால் மொழியும் மறையும். அதுவே நடந்தது.

ஸ்லாட்டுகளின் கதையை இங்கே சுருக்கமாகக் கூறுகிறேன். 1984இல் பழைய எட்டு பிட் ஸ்லாட்டின் வாலில் இன்னொரு துண்டைச் சேர்த்துப் பதினாறு பிட் ஆக்கினார்கள். பழைய அட்டை புதிய ஸ்லாட்டின் முன்பகுதியில் உட்கார்ந்து வேலை செய்தது, நல்ல ஏற்பாடு. 1987இல் ஐ.பி.எம். நிறுவனமே எம்.சி.ஏ. என்னும் முற்றிலும் வேறான ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. பழைய அட்டை எதுவும் அதில் நுழையாது. புதிதாக அட்டை செய்வோர் உரிமைத் தொகையும் செலுத்தவேண்டும். மறு ஆண்டே காம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் வேறொரு ஸ்லாட்டை அறிவித்தன. எம்.சி.ஏ. நிலைக்கவில்லை. ஆனால் அதே 1987ஆம் ஆண்டு இயந்திரத்தில் பிறந்த வி.ஜி.ஏ. என்னும் திரைமுறை மட்டும் நிலைத்துவிட்டது. அதன் நீலநிறப் பதினைந்து முனைச் செருகியை இன்றும் பழைய மானிட்டர்களிலும் அலுவலகப் புரொஜெக்டர்களிலும் காணலாம்.

இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இதனைக் காணுந்தோறும் நினைவுக்கு வருவது நமது பாதைகளின் அகலம். டில்லியிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கிய நம் முன்னோர், தஞ்சைக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல, மூட்டை முடிச்சுகளுடன் எழும்பூருக்குச் சென்று 1000 மில்லிமீட்டர் பாதை வண்டியைப் பிடித்தார்கள். பெட்டியும் நல்ல பெட்டி, தண்டவாளமும் நல்ல தண்டவாளம். ஒன்றில் மற்றொன்று ஓடாது. 1992இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டம்தான் அந்தச் சிரமத்தைப் படிப்படியாக நீக்கியது. விந்தை என்னவெனில், கணினி உலகில் எல்லோரையும் ஒரே பாதைக்குக் கொணர்ந்த பி.சி.ஐ. ஸ்லாட்டை இன்டெல் நிறுவனம் வெளியிட்டதும் அதே 1992ஆம் ஆண்டுதான்.

பி.சி.ஐ. வந்தபின் பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி அவை புதிய பலகைகளில் அருகிவிட்டன. அதற்கு முன்பே விண்டோஸ் வந்து, ஜிஸ்ட் அட்டையின் வேலையைப் பறித்துக்கொண்டது. விண்டோஸில் எழுத்தை வரைவது அட்டை அன்று. நிரலே புள்ளி புள்ளியாக வரைந்து அனுப்புகிறது. இதில் நமக்கு இலாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியெண் வரிசை என்று 1990களில் தமிழ் சிதறிப்போயிற்று. ஒருவர் தட்டியதை மற்றவர் இயந்திரத்தில் படிக்க இயலாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழக அரசு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. விண்டோஸ் 2000இல் 'லதா' என்னும் எழுத்துருவுடன் யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் சங்கங்களும் அச்சகங்களும் தட்டி வைத்த கோப்புகள் எத்தனை வீடுகளில் படிக்க முடியாத குப்பையாகக் கிடக்கின்றனவோ! இஸ்கியில் பதிந்தவையாயின் இன்றும் யூனிகோடாக மாற்றிவிடலாம். பெயர் தெரியாத எழுத்துருவில் பதிந்தவையாயின் அந்த எழுத்துருவையே முதலில் தேடிப் பிடிக்கவேண்டும். வீட்டில் பழைய பிளாப்பியோ ஹார்ட் டிஸ்கோ வைத்திருக்கும் பெரியவர்கள், கபாடிக்காரரிடம் போடுமுன் இதனைக் கவனிப்பது நலம்.

இனி வருவது அட்டைகள் கருகிய காலம். 1997இல் கிராபிக்ஸ் அட்டைக்கென்றே ஏ.ஜி.பி. என்னும் தனி ஸ்லாட் தோன்றியது. முதலில் 3.3 வோல்ட், 1998ஆம் ஆண்டு இரண்டாம் விதியில் 1.5 வோல்ட்; 2002இல் மூன்றாம் விதியில் சமிக்ஞை 0.8 வோல்ட் அளவிற்கு இறங்கியது. தவறான அட்டை நுழையாதிருக்கும் பொருட்டு ஸ்லாட்டில் ஒரு தடுப்பும் அட்டையில் அதற்கு நேராக ஒரு வெட்டும் வைத்தார்கள். ஏற்பாடு சிறந்ததே. ஆனால் சில தயாரிப்பாளர்கள் 3.3 வோல்ட் அட்டைக்கு இரண்டு வெட்டுகளையும் போட்டு, எதிலும் நுழையும்படி விற்றுவிட்டார்கள். 1.5 வோல்ட் மட்டும் தாங்கக்கூடிய பலகையில் அதனைச் செருகியவர்களில் சிலர் பலகையையே இழந்தார்கள். இன்று அத்தகைய கேடு இல்லை. பழைய பொருள் விற்கும் கடைகளில் ஏ.ஜி.பி. அட்டை வாங்குவோர் இருப்பின், அவர்கள் மட்டும் வெட்டைப் பார்ப்பதோடு நில்லாமல் வோல்ட்டையும் விசாரிக்கவேண்டும்.

2004ஆம் ஆண்டு முதல் பலகைகளில் வரத்தொடங்கிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்தான் இன்றுவரை நிலவுகிறது. நம் வீடுகளில் உள்ளவை அனேகமாக இவையே. இதில் 'லேன்' எனப்படும் தடங்கள் உள்ளன. கிராபிக்ஸ் ஸ்லாட்டில் பதினாறு. முதல் தலைமுறையில் தடம் ஒன்றுக்கு வினாடிக்கு 250 மெகாபைட். 2007இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 500. 2010இல் மூன்றாவதில் ஏறத்தாழ 985. 2017இல் நான்காவதில் அதன் இரட்டிப்பு. 2019இல் ஐந்தாவதில் மீண்டும் இரட்டிப்பு. புதிய அட்டை பழைய ஸ்லாட்டிலும், பழைய அட்டை புதிய ஸ்லாட்டிலும் நுழையும்; இரண்டும் கலந்து பேசி, இருவருக்கும் தெரிந்த மெதுவான வேகத்தில் ஓடும். "பொருந்தும்" என்று சொல்லும் கடைக்காரர் இதனை வைத்தே சொல்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

முதலாவது, தடங்களின் எண்ணிக்கை. ஸ்லாட் பதினாறு தடத்திற்குரிய நீளம் இருப்பினும் அட்டை அத்தனையையும் பயன்படுத்துவது என்பதில்லை. 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் அட்டைக்கு நான்கே தடங்கள். நினைவகமும் நான்கு ஜிகாபைட்தான். நான்காம் தலைமுறைப் பலகையில் அது இழுத்துக்கொண்டு போகும். மூன்றாம் தலைமுறைப் பலகையில் வினாடிக்கு நான்கு ஜிகாபைட்டை எட்டாது. அதாவது 2004ஆம் ஆண்டுப் பதினாறு தட ஸ்லாட்டின் வேகம். இரண்டாம் தலைமுறைப் பலகையிலோ வினாடிக்கு 2000 மெகாபைட், ஒழிந்துபோன ஏ.ஜி.பி.யின் கடைசி வேகமான 2133ஐவிடக் குறைவு! மலிவான அட்டை என்று பழைய இயந்திரத்திற்கு இதனை வாங்கியவரே அதிகம் ஏமாந்தார். வாங்க வேண்டியவருக்கும் பொருளுக்கும் இவ்வளவு பொருத்தமின்மை வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவது, மின்சாரம். ஸ்லாட் வழியாக அட்டை பெறக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமாயின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரும். பழைய கேபினெட்டுடன் இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.களில் இக்கம்பிகளே இராது. அவற்றின்மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணையும் நான் அப்படியே நம்புவதில்லை.

மூன்றாவதுதான் 1982ஆம் ஆண்டுக் கதை. விண்டோஸ் 8 வந்த 2012ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய நிரல் பிடித்தது. புதிய அட்டைகள் அந்த மொழியிலேயே பேசுகின்றன; பழைய பலகை பழைய மொழியையே அறியும். இடைக்காலத்தில் வந்த பலகைகள் இரண்டையும் புரிந்துகொள்ளும். அதற்கு முற்பட்டவற்றில் சில புதிய அட்டையை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. அட்டையின் காற்றாடி சுழலும், திரை இருண்டிருக்கும். 2025இல் என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 5060 குடும்பத்து அட்டைகளுக்கு, சில பலகைகளில் மறுதொடக்கத்தின்பொழுது திரை வெறுமையாகிறது என்பதற்காக, அட்டையின் உள்நிரலைத் திருத்தும் கருவியொன்றையே வெளியிட நேர்ந்தது. அன்று சில்லைப் பெயர்த்தார்கள், இன்று கோப்பை இறக்குகிறோம், வித்தியாசம் அவ்வளவே. ஆகவே அட்டை வாங்குமுன் பலகைத் தயாரிப்பாளரின் கடைசி பயாஸ் திருத்தத்தை ஏற்றிக்கொள்வது கட்டாயம். ஏற்றும்பொழுது மின்சாரம் போய்விட்டால் பலகை போய்விடும், யு.பி.எஸ். உள்ள வீட்டில் செய்க.

இன்டெல் நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆர்க் அட்டைகளில் வேறொரு நிபந்தனை உண்டு. பழைய வழக்கப்படி, கணினி தன் அட்டையின் நினைவகத்தை 256 மெகாபைட் அளவுள்ள ஜன்னல் வழியாகவே பார்க்கும். ஆர்க் அட்டைகளுக்கு ஜன்னலை முழுதும் திறந்துவிடும் வசதி பலகையில் இருக்கவேண்டும். இல்லையேல் வேகம் வெகுவாகக் குறையும். அந்நிறுவனமே அவ்வாறுதான் கூறுகிறது.

2012க்கு முற்பட்ட இயந்திரத்தை வைத்துக்கொண்டு, படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் இரண்டாவது மானிட்டரை இணைக்கவும் மட்டுமே அட்டை வேண்டுபவர்களுக்குப் பெரிய அட்டை தேவையில்லை. ஜி.டி. 710 போன்ற சிறிய அட்டைக்கு 19 வாட் போதும். தனிக் கம்பி வேண்டாம். பெரும்பாலான பழைய பலகைகள் அதனை ஏற்றுக்கொள்கின்றன. வாங்கும்பொழுது பெட்டிக்குள் அரை உயரத் தகடும் இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொள்ளவேண்டும். அலுவலக ஏலத்தில் எடுத்து நம் காலனிக்கு வந்து சேரும் ஒல்லியான கேபினெட்டுகளில் முழு உயரத் தகடு நுழையாது.